எச்.எம்.டி. வாட்ச்: குவார்ட்ஸ் கையில் இருந்தும் கைநழுவிய சந்தை

ஆய்வின் எல்லை

சாமானியர் வாங்கக்கூடிய விலையில் இந்தியாவிலேயே கைக்கடிகாரம் செய்ய வேண்டும் என்று தொடங்கிய எச்.எம்.டி. பொதுத்துறை நிறுவனத்தின் வாட்ச் பிரிவு, அதைச் செய்தும் காட்டி, பிறகு ஐம்பத்தைந்து ஆண்டுகளில் மூடப்பட்டது. 'குவார்ட்ஸ் வந்தது, எச்.எம்.டி. தூங்கிவிட்டது' என்று பொதுவாகச் சொல்வார்கள். குவார்ட்ஸ் என்பது பேட்டரியில் ஓடும் வாட்ச். அந்தப் பேச்சு சரியல்ல. போட்டியாளரான டைட்டன் கடை திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்.எம்.டி.யிடம் குவார்ட்ஸ் வாட்ச் இருந்தது. அதை ஏன் முழுமூச்சாகச் செய்யவில்லை என்பதே இங்கே கேள்வி. பதிலின் பெரும்பகுதி வாட்சுக்குள்ளேயே இருப்பதால், அதைத் திறந்து பார்க்கும் பகுதி சற்று நீளமாக இருக்கும். முடிவுகளை எடுத்த அதிகாரிகள், பொறியாளர்கள், தொழிலாளர்கள் யாருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை.

பின்னணி: 1953 முதல் 1961 வரை

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.) 1953-ல் பெங்களூரில் பதிவானது கடைசல் இயந்திரங்கள் செய்வதற்காக. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனம் தொழில்நுட்பக் கூட்டாளி. வாட்ச் அப்போது திட்டத்திலேயே இல்லை.

அன்றைய சந்தையில் இருந்தவை சுவிஸ் வாட்சுகள். முறைப்படி இறக்குமதியானவை விலை அதிகம். கடத்தல் சரக்கு தாராளமாகப் புழங்கியது, ஆனால் அதற்கு உதிரிபாகமும் உத்தரவாதமும் கிடையாது. அந்நியச் செலாவணி பற்றாக்குறையான நாட்டில் வாட்சுக்காகப் பணம் வெளியே போவதை அரசு விரும்பவில்லை. நுண்ணிய பாகங்களைக் கடையத் தெரிந்த பொதுத்துறை நிறுவனம் ஒன்று இருந்ததால், பொறுப்பு அதனிடமே வந்தது.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் முதல் வாட்ச் தொழிற்சாலை அமைந்தது. முதல் தொகுதியை அன்றைய பிரதமர் நேரு வெளியிட்டார். தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் வேலைதான் நடந்தது. பிறகு ஒவ்வொரு பாகமாக உள்நாட்டுக்கு மாற்றினார்கள். சுவிஸை விட்டுச் சிட்டிசனைத் தேர்ந்தது நல்ல முடிவு. வாட்சை ஓட்டும் உள்பொறியை இயக்கம் என்பார்கள். சிட்டிசன் தந்தது ஆடம்பர இயக்கம் அல்ல; பெருமளவில் செய்வதற்கென்றே எளிமையாக்கப்பட்ட, சாவி கொடுத்து ஓட்டும் இயக்கம். புதிதாகத் தொழில் பழகுபவர் கையில் சுவிஸ் இயக்கம் கொடுத்திருந்தால், கழிவு விகிதமே விலையைத் தின்றிருக்கும்.

வாட்சின் உள்ளே

ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கும் வாட்சுகளைத் திறந்தால் பெரும்பாலும் 0231 என்ற இயக்கம் இருக்கும். 17 கல். மணிக்கு 18,000 அதிர்வு, அதாவது விநாடிக்கு 5. முழுச் சாவி கொடுத்தால் ஒரு நாள் தாண்டி, சுமார் 40 மணி நேரம் ஓடும்.

'17 ஜுவல்ஸ்' என்று டயலில் அச்சிட்டிருப்பதைப் பலர் அலங்காரம் என்று நினைத்தார்கள். அச்சுகளும் முனைகளும் தேயாமலிருக்கப் பதிக்கும் கடினமான கற்கள் அவை. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இடம் உண்டு. இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் அச்சுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு. பேலன்ஸில் ஒட்டிய உதை கல் ஒன்று. சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விட்டுப் பிடிக்கும் பேலட் கவையின் இரு முனைகளில் இரண்டு, அதன் அச்சுக்கு இரண்டு. எஸ்கேப் வீல், நான்காம் சக்கரம், மூன்றாம் சக்கரம், நடுச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு. ஆகப் பதினேழு. இதற்கு மேல் சேரும் கற்கள் சாவி வாட்சில் பெரிய பலன் தராது, விலையைத்தான் ஏற்றும். மலிவு வாட்சுக்குச் சரியான நிறுத்துமிடம் அது.

பேலன்ஸ் அச்சின் முனை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். வாட்ச் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். அதனால் அதன் கற்களை விறைப்பாகப் பதிக்காமல் ஒரு சிறு வில்லின் அடியில் அமர்த்தினார்கள்; அதிர்ச்சி வந்தால் கல் நகர்ந்து கொடுத்து, மறுபடி இடத்துக்கு வரும். டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருப்பது இதைத்தான். சைக்கிளில் போகிறவரும் வயலில் வேலை செய்கிறவரும் கட்டும் வாட்சுக்கு இது அத்தியாவசியம்.

சிக்கனம் எங்கே தெரிகிறது என்றால் கேஸில், அதாவது வெளிக்கூட்டில். பின்மூடி துருப்பிடிக்காத எஃகு, மேல் உடல் பித்தளையின் மேல் குரோம் முலாம். கண்ணாடி அக்ரிலிக். கீறல் விழுந்தால் தேய்த்து எடுக்கலாம், உடைந்தால் சில நிமிடத்தில் மாற்றலாம். பலவீனமும் இங்கேதான். வியர்வை முலாமை அரித்து, பட்டை கோக்கும் கொம்புகளில் பித்தளை தெரிய ஆரம்பிக்கும். சாவித் தண்டு நுழையும் துளையில் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் ஈரம் உள்ளே இறங்கி, தண்டும் அதையொட்டிய பற்சக்கரங்களும் துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் ரிப்பேருக்கு வரும் பழைய வாட்சுகளில் அடிக்கடி காணும் கோளாறு இது.

மற்றக் கோளாறுகளும் கணித்துவிடக்கூடியவைதான். நான்கைந்து ஆண்டில் எண்ணெய் உலரும். பேலன்ஸின் வீச்சு சுருங்கி நேரம் தப்பும். காந்தம் பட்டால், பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். சாவி கொடுக்கும்போது இறுகும் வில்லான மெயின்ஸ்பிரிங் முறிந்தால் சாவி முடிவில்லாமல் சுற்றும். மூன்றையும் பேருந்து நிலைய வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பவர் அங்கேயே சரிசெய்வார். பல வருடங்கள் ஒரே இயக்கத்தை லட்சக்கணக்கில் செய்ததால் உதிரிபாகம் எங்கும் கிடைத்தது, அதைப் பூட்டத் தெரிந்தவரும் எங்கும் இருந்தார். இந்த ரிப்பேர் வலையை எச்.எம்.டி. சம்பளம் கொடுத்து உருவாக்கவில்லை. ஆனால் மக்கள் அந்த வாட்சை நம்பியதற்கு அதுவும் பெரிய காரணம்.

பற்றாக்குறையே விளம்பரமான காலம்

1970-களில் பெங்களூரில் இரண்டாவது ஆலை, ஸ்ரீநகர், தும்கூர் என்று விரிந்து, 1980-களின் முதல் பாதியில் இன்றைய உத்தராகண்டில் ஹல்த்வானியை அடுத்த ராணிபாக் வரை போனது. பெண்களுக்குச் சுஜாதா, படைவீரர் நினைவாக ஜவான், தானே சாவி ஏறும் காஞ்சன், பார்வையற்றோர் தொட்டு நேரம் பார்க்கும் பிரெய்ல் வாட்ச் என்று வகைகள் பெருகின. வட இந்தியாவில் காஞ்சனுக்கு 'வரதட்சணை வாட்ச்' என்றே பெயர் வந்தது. குறித்த விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். நம் ஊர்ப்பக்கமும் மாப்பிள்ளைக்கு வாட்ச், பரீட்சையில் தேறினால் வாட்ச் என்றால் அதிகம் கேள்வி கேட்காமல் எச்.எம்.டி.தான்.

செய்ததெல்லாம் விற்றது. சந்தை தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே எப்போதும் இடைவெளி. அத்தகைய இடத்தில் நிர்வாகத்தின் கவனம் முழுவதும் எண்ணிக்கையின் மேல்தான் போகும். கடையில் வாட்ச் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, வாங்குபவர் எதை ஒதுக்குகிறார், டயல் வடிவம் அலுத்துவிட்டதா என்ற கேள்விகளுக்கு அவசியமே எழவில்லை. விற்பனைத் துறை என்று இருந்தது, உண்மையில் பங்கிட்டுக் கொடுக்கும் துறையாகவே வேலை செய்தது.

முடிவெடுத்த கட்டம்: 1981

1969 கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் வாட்ச் தொழிலில் வேலை பார்த்தவர்கள் எண்ணிக்கை சுமார் 90,000-லிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பெங்களூரில் இருந்தவர்களுக்கு இது தெரியாத செய்தியல்ல. 1981-ல் எச்.எம்.டி. இந்தியாவின் முதல் குவார்ட்ஸ் வாட்சை வெளியிட்டது.

குவார்ட்ஸ் இயக்கத்தில் இருப்பது 1.55 வோல்ட் பொத்தான் பேட்டரி, விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம், அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கி விநாடிக்கு ஒரு துடிப்பாக மாற்றும் மின்னணுச் சில்லு, அந்தத் துடிப்புக்கு அரைச் சுற்றுச் சுற்றும் சிறு மோட்டார், சில பற்சக்கரங்கள். நல்ல சாவி வாட்ச் நாளுக்கு இருபது, முப்பது விநாடி பிசகும். சாதாரணக் குவார்ட்ஸ் மாதத்துக்குப் பதினைந்து விநாடிக்குள் நிற்கும். வாங்குபவருக்கு இது போதும். மேலே விளக்கம் வேண்டாம்.

இந்த வித்தியாசம் வாங்குபவரை விடத் தொழிற்சாலையைத்தான் பலமாகத் தாக்கியது. சாவி வாட்சில் கடினமான வேலை எல்லாம் எஸ்கேப்மென்டை, அதாவது எஸ்கேப் வீலும் பேலட்டும் சேர்ந்த பகுதியை, சுற்றியே இருக்கிறது. பேலட் கற்களின் ஆழம் பார்த்து ஒட்டுவது, ஹேர்ஸ்பிரிங்கைப் பேலன்ஸுக்குப் பொருத்தி நீளம் சரிசெய்வது, பேலன்ஸின் எடையைச் சமன் செய்வது, ஆறு நிலைகளில் வைத்து ஓட்டம் அளப்பது. எச்.எம்.டி. இருபது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயிற்றுவித்தது இந்த வேலைகளைத்தான். குவார்ட்ஸில் பேலட் இல்லை, ஹேர்ஸ்பிரிங் இல்லை, பேலன்ஸ் இல்லை. மெதுவாகச் சேர்த்த திறமையும், அதற்காக வாங்கிய இயந்திரங்களும் ஒரே நேரத்தில் தேவையற்றுப் போகும். சில்லும் படிகமும் நாட்டில் செய்யாதவை. மறுபடி இறக்குமதியையே நம்ப வேண்டும். உள்நாட்டு உற்பத்திக்காகவே பிறந்த நிறுவனத்துக்கு இது பின்னோக்கிப் போவதாகத் தெரிந்திருக்கும்.

அதனால் எடுத்த முடிவு நடுவழி. குவார்ட்ஸை நிறுத்தவில்லை, விலை கூடிய வரிசையாக மேலே வைத்தார்கள். அளவில் பெரும்பங்கு சாவி வாட்சுக்கே தொடர்ந்தது. அன்று அது முட்டாள்தனமான முடிவு அல்ல. சாவி வாட்சுக்குத் தேவை குறையவே இல்லை. பேட்டரி சிற்றூரில் கிடைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. ரிப்பேர்க்காரருக்கும் புதிய இயக்கம் பழக்கமில்லை. பேட்டரி எடுக்கும்போது ஊசி வழுக்கி, மோட்டாரின் கம்பிச்சுருளான காயிலில் முடியை விட மெல்லிய கம்பியை அறுத்துவிட்டால் இயக்கமே போயிற்று. தீர்ந்த பேட்டரியை எடுக்காமல் விட்டால் அது கசிந்து தொடுமுனைகளை அரிக்கும். ஆட்களைக் குறைப்பதோ பொதுத்துறையில் அரசியல் கேள்வி.

தவறு வேறொரு இடத்தில் இருந்தது. நடுவழி என்பது எவ்வளவு நாள், எந்த எண்ணைத் தொட்டால் மாற வேண்டும் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. விற்றுக்கொண்டே இருக்கும்வரை சாவி வாட்ச் சரி என்பதே கணக்கு. ஆனால் போட்டி இல்லாத சந்தையில் விற்பனை எண் எதையும் சொல்லாது.

ஓசூரில் தொடங்கிய போட்டி

1984-ல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஆலை ஓசூரில், எச்.எம்.டி.யின் தலைமையகத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில். இயக்கத் தொழில்நுட்பம் பிரான்சின் ஃப்ரான்ஸ் எபோஷ் நிறுவனத்திடமிருந்து. தமிழ்நாட்டு மாவட்டங்களில் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்துப் பணியமர்த்தினார்கள். எஸ்கேப்மென்ட் பற்றி எதுவும் தெரியாத கைகள். அது இங்கே குறை அல்ல, வசதி.

1987-ல் விற்பனை ஆரம்பித்தபோது டைட்டன் முழுக்கக் குவார்ட்ஸிலேயே இறங்கியது. அதைவிட முக்கியம், நூற்றுக்கணக்கில் வடிவங்கள், தனி ஷோரூம், தொலைக்காட்சி விளம்பரம். குவார்ட்ஸ் இயக்கம் மெல்லியது, ஒரே இயக்கத்தின் மேல் எத்தனை டயல், எத்தனை கேஸ் வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். நேரம் சரியாகக் காட்டுவது எல்லா வாட்சுக்கும் பொதுவாகிவிட்டதால் இனி தேர்வு தோற்றத்தில்தான் என்பதை அவர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஒரு வாட்ச் வாழ்நாள் முழுக்க என்பதும் மாறத் தொடங்கியது.

எச்.எம்.டி.யின் கடைகளில் அதே நேரத்தில் கிடைத்தது பெரும்பாலும் பழைய வரிசை. விலை குறைவு என்ற ஒன்று மட்டும் அதன் கையில் மிஞ்சியது. அதையும் ஹாங்காங் வழியாக வந்த மலிவு எலெக்ட்ரானிக் வாட்சுகள் கீழிருந்து அரித்தன. ஆங்காங்கே குவார்ட்ஸ் வகைகளைக் கூட்டினார்கள். ஆனால் ராணிபாக் போன்ற புதிய ஆலைகளின் செலவு தொடங்கிய வேகமும், சந்தை நகர்ந்த வேகமும் எதிரெதிர்த் திசையில் போயின.

ஸ்ரீநகர், 1990

இந்தப் பகுதியை வணிகக் காரணங்களோடு கலக்கக் கூடாது. 1990 ஏப்ரலில் ஸ்ரீநகர் ஆலையின் பொது மேலாளர் தீவிரவாதிகளால் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் அங்கே உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிற்காலத்தில் அது எச்.எம்.டி. சினார் வாட்சஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. கணக்கேட்டில் மட்டும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

சரிவு: 1991 முதல் 2016 வரை

தாராளமயமாக்கலுக்குப் பின் வந்த பத்தாண்டில் வீழ்ச்சி நேர்கோடாகவே நடந்தது. நீளமாகச் சொல்ல அதில் புதிதாக ஒன்றுமில்லை. விற்பனை குறைந்தால் ஒரு வாட்சின் மேல் விழும் நிலையான செலவு ஏறும், விலையைக் கூட்ட முடியாது, நட்டம், நட்டத்தை ஈடுகட்ட அரசுக் கடன், கடனுக்கு வட்டி. 2000-ஐ ஒட்டி வாட்ச் பிரிவு எச்.எம்.டி. வாட்சஸ் என்று தனி நிறுவனமாக்கப்பட்டது. நோக்கம் சீரமைப்பு. நடந்தது, நட்டத்துக்குத் தனி முகவரி கிடைத்தது. விருப்ப ஓய்வுத் திட்டங்களில் முதலில் வெளியேறியவர்கள் வெளியே வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகள் என்பதும் எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

2012-13-ல் மட்டும் நட்டம் சுமார் ரூ.242 கோடி. இது அந்த ஆண்டு வாட்ச் செய்ததால் வந்த நட்டம் மட்டுமல்ல. சேர்ந்துகொண்டே வந்த கடனின் சுமை அதில் கலந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் நல்ல வடிவமைப்பாளரை அமர்த்தியிருந்தாலும் கணக்கு தேறியிருக்காது. காப்பாற்றும் முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது பலர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு எச்.எம்.டி. வாட்சஸ், எச்.எம்.டி. சினார் வாட்சஸ், எச்.எம்.டி. பேரிங்ஸ் மூன்றையும் மூட ஒப்புதல் தந்தது. மிச்சமிருந்த பணியாளர்களுக்கு 2007 ஊதிய விகிதத்தைக் கணக்கில் எடுத்து விருப்ப ஓய்வுத் தொகை வழங்க முடிவானது. பழைய விகிதத்தில் கணக்கிட்டிருந்தால் தொகை மிகச் சிறியதாக இருந்திருக்கும். மூடல் ஓரளவு அமைதியாக நடந்ததற்கு இந்த ஒரு வரி காரணம். ராணிபாக்கில் எதிர்ப்பு இருந்தது. தும்கூர் வளாகம் விண்வெளித் துறைக்குப் போனது.

மூடிய பிறகு

மூடல் செய்தி வெளியானதும் மிச்சச் சரக்கை வாங்க மக்கள் குவிந்தார்கள். ஜனதாவும் பைலட்டும் சேகரிப்பாளர் பொருளாயின. கூடவே இன்னொரு தொழிலும் வளர்ந்தது: பழைய இயக்கத்தை எடுத்து, டயலுக்குப் புது வர்ணம் அடித்து, புதிய கேஸில் போட்டு 'பழைய ஒரிஜினல்' என்று விற்பது. பார்வைக்கு அடையாளம் எளிது. அன்று இல்லாத பளிச்சென்ற நிறங்கள், எழுத்துகளின் விளிம்பு மசங்கியிருப்பது, விநாடி முள்ளின் நீளம் டயலுக்குப் பொருந்தாமை. பின்மூடியைத் திறந்து பேலன்ஸ் அருகே பொறித்திருக்கும் இயக்க எண்ணையும் பார்ப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது: இயக்கம் உண்மையாகவே 0231 ஆக இருக்கும், மற்றவை எதுவும் அசலாக இருக்காது. தாய் நிறுவனம் எச்.எம்.டி. இன்னும் இருக்கிறது, சிறு அளவில் அதே பெயர்களில் வாட்சுகள் விற்கிறது. பெங்களூர் ஜாலஹள்ளியில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

மாற்றியிருக்க வேண்டியவை

முதலாவது, 1981-ல் குவார்ட்ஸை மேல்விலையில் வைத்தது. மலிவு வாட்ச் செய்யும் நிறுவனத்துக்குக் குவார்ட்ஸின் உண்மையான பயன் துல்லியம் அல்ல, பாகங்கள் குறைவதால் இறங்கும் செலவு. 1983-ல் சுவிட்சர்லாந்தில் ஸ்வாட்ச் 51 பாகங்களில் பிளாஸ்டிக் கேஸ் வாட்சைச் செய்தது இந்தக் கணக்கில்தான். 'ஜனதா' என்ற பெயரைக் குவார்ட்ஸுக்கே கொடுத்து, அதைக் கீழ்விலையில் தள்ளியிருக்க வேண்டும். சாவி வாட்சுக்கு ரசிகர் இருந்தால் அதை மேலே வைத்திருக்கலாம். இன்று உலகம் முழுக்க நடப்பது அந்த வரிசைதான்.

இரண்டாவது, ராணிபாக்கின் காலம். எஸ்கேப்மென்டின் எதிர்காலம் கேள்விக்குறியான பிறகு சாவி வாட்சுக்கான கொள்ளளவைக் கூட்டக் கூடாது. புதிய ஆலை அரசியல் காரணத்தால் தவிர்க்க முடியாதது என்றால், அதைப் பேலட்டும் ஹேர்ஸ்பிரிங்கும் தெரியாத குவார்ட்ஸ் ஆலையாகவே தொடங்கியிருக்கலாம். புதிதாக எடுப்பவர்களை மறுபயிற்சிக்கு அனுப்பும் பிரச்சினையே இல்லை. பெங்களூரின் அனுபவசாலிகளை வயது முதிர்வு வரை சாவி வாட்சிலேயே விட்டிருக்கலாம். யாரையும் அனுப்பாமல் இருபது ஆண்டில் மாறும் வழி அது.

மூன்றாவது, ரிப்பேர்க்காரர்கள். அந்த வலை எச்.எம்.டி.க்கு இலவசமாகக் கிடைத்தது. குவார்ட்ஸ் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். பேட்டரி மாற்றும் பயிற்சி, காயில் சோதிக்கும் மீட்டர், மாற்று இயக்கங்கள் கொண்ட ஒரு சிறு பெட்டியை மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்திருந்தால், சிற்றூரில் குவார்ட்ஸ் மேல் இருந்த பயம் போயிருக்கும். ஷோரூம் கட்ட வேண்டிய போட்டியாளருக்கு அந்த எல்லைக்குள் நுழையப் பல ஆண்டு பிடித்திருக்கும்.